கப்பல் கேப்டனின் தொப்பி

சித்தப்பா வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் கறுப்புக் கம்பளித் தொப்பி ஒன்று தொங்குகிறது. அதன் நடுவில் நீளவாக்கில் ஒரு பள்ளம். எத்தனை முறை ஆவி காட்டி நிமிர்த்தினாலும் அந்தப் பள்ளம் போவதில்லை. பள்ளம் விழுவதற்கு முன்பும் அந்தத் தொப்பி வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் ஆணியை விட்டு இறங்கும். மாதா திருவிழாவன்று சாயங்காலம் சித்தப்பா அதை உதறித் தலையில் வைத்துக்கொள்வார். "லிஸ்பன் கப்பல் கேப்டன் போட்ட தொப்பி நைனா. நம்ம பாட்டனுக்குப் பாட்டன்" என்பார். தொப்பியின் உள்துணியில் மவுண்ட் ரோடு கடை ஒன்றின் சீட்டு தைத்திருந்தது. அதைக் காட்டினால், "ரிப்பேருக்குக் குடுத்திருப்பான், கடைக்காரன் ஒட்டிகினான்" என்று பதில் வரும்.

சித்தப்பா தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் லிப்ட் ஓட்டினார். காலையில் உள்ளே போனால் கடை மூடும்வரை புடவைப் பைகளுக்கும் குழந்தைகளுக்கும் நடுவில் சுவரோடு சுவராக ஒட்டி நிற்க வேண்டும். பட்டு எந்த மாடி, சுடிதார் எந்த மாடி என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் முகத்தைப் பார்த்து யாரும் கேட்டதில்லை. திருவிழா அன்று மட்டும் கதை வேறு. மாதா சப்பரத்தின் முன்பக்க வலது தண்டைத் தோளில் அவர் வாங்குவார். சாந்தோம் பக்கத்துத் தெருக்களில் ஜனங்கள் மாடியில் நின்று பார்ப்பார்கள். எங்கள் கோயில் பங்கில் அந்த வலது தண்டு பழைய குடும்பத்துக்கு உரியது. போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து இருக்கிற குடும்பம் என்று பொருள்.

எங்களுக்கு அப்படி ஒரு குடும்பப் பெயர் உண்டு. வாயில் வெல்லம் போட்டுக்கொண்டு சொல்வதுபோல் உருளும். அதே பெயர் எதிர்வீட்டில் இருந்த டிரில் மாஸ்டருக்கும் இருந்ததுதான் வம்பு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வெயிலில் நிற்க வைத்து ஓய்வுபெற்றவர், ஆறடி ஆள். இரண்டு குடும்பத்துக்கும் கொள்வினை கொடுப்பினை எதுவும் கிடையாது. ஆனால் இரண்டு பேருமே லிஸ்பன் கேப்டனின் பேரன்கள். ஒருவர் பெயரை மற்றவர் திருடிக்கொண்டார் என்பது இரு தரப்பு வாதமும். வலது தண்டுக்காக வருஷா வருஷம் கோயில் வாசலில் வாக்குவாதம் நடக்கும். சித்தப்பா குரலை உயர்த்தி ஜெயிப்பார்.

நான் எட்டாம் வகுப்போடு ஊர் சுற்றக் கிளம்பியவன். லாரியில் கிளீனர், பம்பாயில் கேண்டீன், விசாகப்பட்டினத்தில் இறால் உரிப்பது என்று கைக்குக் கிடைத்ததைச் செய்தேன். ஒரு வருஷம் மஞ்சள் காமாலையோடு திரும்பி வந்தேன். சித்தப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாயைப் போட்டார், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். நான் எழுந்து நடக்கத் தொடங்கியபோது, புதிதாக வந்த பங்குச் சாமியார் பூசை முடிவில் அறிவித்தார். இனி வாசலில் சண்டை கூடாது. பழைய குடும்பம் எது என்று கோயில் பதிவேட்டில் பார்ப்போம். இருவருக்குமே ஆதாரம் இல்லையென்றால் வலது தண்டு இளைஞர் மன்றத்துக்குப் போகும்.

சித்தப்பா அன்று மத்தியானம் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அது போச்சுன்னா, அப்புறம் நான் வருசம் முச்சூடும் லிப்ட்காரன்தான்டா" என்றார். அவர் சிரிக்காமல் பேசி நான் கேட்டது அன்றுதான்.

பதிவேட்டு அறையில் மின்விசிறி போடக் கூடாது. தாள்கள் அப்பளம் மாதிரி. காற்றுப் பட்டால் பறந்துவிடும். உதவிச் சாமியார் குருமடத்தில் லத்தீன் படித்த இளைஞர், வேர்வையைத் துடைத்துக்கொண்டே வாசிப்பார். சித்தப்பாவின் திருமணப் பதிவில் அவர் அப்பா பெயர், அந்த அப்பாவின் திருமணப் பதிவில் அவருடைய அப்பா பெயர் என்று படியிறங்குவதுபோல் பின்னால் போனோம். சித்தப்பாவின் வார விடுமுறைகள் எல்லாம் அதில் போயின. மேசையின் இந்தப் பக்கம் சித்தப்பாவும் நானும், அந்தப் பக்கம் டிரில் மாஸ்டர். இடையில் ஒரு தட்டு பஜ்ஜி. எண்ணெய்க் கையோடு பக்கத்தைத் தொடக் கூடாது என்று உதவிச் சாமியார் தட்டை ஜன்னலில் வைத்தார். அதற்குள் சித்தப்பா, "மாஸ்டர், ஒங்க ஆளு யாராச்சும் வந்துகினு கீறாரா, இல்ல இன்னும் வெயில்ல நிக்கிறாரா?" என்று கேட்டாயிற்று.

"உன் ஆளு லிப்ட்ல மாட்டிக்கிட்டான் போல" என்றார் மாஸ்டர்.

எங்கள் குடும்பப் படிக்கட்டும் மாஸ்டர் குடும்பப் படிக்கட்டும் ஒரே பக்கத்தில் போய் முடிந்தன. ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு ஞானஸ்நானப் பதிவுகள். உதவிச் சாமியார் மெதுவாக வாசித்து, தமிழில் சொன்னார். ஒரே நாள். வளர்ந்த ஆண்கள் இருவர். இருவரும் பெகு ஊரார். ஒரு கப்பல் கேப்டனோடு வந்த கூலியாட்கள். அப்பா பெயர் இல்லை. ஞானஸ்நானத்துக்குப் பொறுப்பாக நின்ற ஞானத்தகப்பன், லிஸ்பனைச் சேர்ந்த அந்தக் கேப்டன்.

"அந்தக் காலத்துல புதுசா ஞானஸ்நானம் வாங்குறவங்களுக்கு ஞானத்தகப்பனோட குடும்பப் பேரைத்தான் வைப்பாங்க. கேப்டன் இருந்தது நிஜம். ஆனா அவர் உங்க தாத்தா இல்ல" என்றார்.

"பெகுன்னா எங்க, ஃபாதர்?" என்று கேட்டேன்.

"பர்மா."

சித்தப்பாவின் காது சிவந்திருந்தது. லிஸ்பனிலிருந்து பர்மாவுக்கு அத்தனை பெரிய கப்பலைத் திருப்ப அவருக்குக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது. பிறகு நிமிர்ந்தார்.

"அதான் எனக்கு பர்மாக்கார அத்தோ நூடுல்ஸ் இவ்ளோ புடிச்சிகீது. பீச் ஸ்டேசன் கடையாண்ட போனா காலு தானா நின்னுடும்" என்றார்.

டிரில் மாஸ்டர் சிரித்ததை நான் முதல்முறையாகப் பார்த்தேன். ஆனாலும் விஷயம் முடியவில்லை. மாஸ்டரின் மூதாதை பெயர்தான் மேலே இருந்தது, எங்களுடையது கீழே. மாஸ்டர் அதன்மேல் படாமல் விரலை நீட்டிக் காட்டினார். "நான்தான் மூத்த குடும்பம்."

"கப்பல்லேர்ந்து எவன் மொதல்ல எறங்குனான்னு போட்டுகீதா? எங்க ஆளு மூட்டையத் தூக்கிகினு வந்திருப்பான். ஒங்க ஆளு கைய வீசிகினு மொதல்ல போய் நின்னுட்டான்."

மாஸ்டர் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். அப்புறம், "ஒரே மூட்டையா இருந்திருந்தா ரெண்டு பேருமே தூக்கியிருப்பாங்க" என்றார். எழுந்து போய் ஜன்னலிலிருந்த தட்டை எடுத்து, கடைசி பஜ்ஜியைப் பிட்டுப் பாதியைச் சித்தப்பாவிடம் நீட்டினார். பங்குச் சாமியாரிடம் இருவரும் சேர்ந்தே போனார்கள். முன் தண்டுகள் இரண்டும் இரண்டு குடும்பத்துக்கும். வலதும் இடதும் வருஷத்துக்கு வருஷம் மாறும் என்று முடிவாயிற்று.

அந்தத் திருவிழாவில் ஒரு சிக்கல் வந்தது. மாஸ்டர் ஆறடி, சித்தப்பா அவர் காதளவுக்குத்தான் இருப்பார். சப்பரத்தைத் தூக்கியதும் மாதா சித்தப்பா பக்கமாகச் சாய்ந்துவிட்டாள். மாடியிலிருந்து ஒரு பெண், "மாதா லிப்ட்காரர் வீட்டுக்குத்தான் வரேங்குறா" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா ஒரு கையால் தலையிலிருந்த தொப்பியை எடுத்தார். இரண்டாக மடித்துத் தண்டுக்கும் தோளுக்கும் நடுவில் செருகினார். மாதா நிமிர்ந்தாள். மெழுகுவர்த்திகள் நேராக எரிந்தன. சப்பரத்தின் அடியில் தொப்பி இல்லாமல் சித்தப்பாவைத் தெரு முதல்முறையாகப் பார்த்தது. அவ்வளவு பெரிய வழுக்கை அவருக்கு இருந்ததை மாடியில் நின்ற பலர் அன்றுதான் கவனித்தார்கள்.

இப்போது சித்தப்பாவும் இல்லை, மாஸ்டரும் இல்லை. நான் இன்னும் ஓரிடத்தில் தங்குகிறவன் அல்ல. போன மாதம்வரை மங்களூரில் ஒரு படகுத்துறையில் இருந்தேன். ஆனால் திருவிழாவுக்கு எங்கிருந்தாலும் வந்துவிடுவேன். பெகுவிலிருந்து மூட்டையோடு இறங்கிய அந்த ஆளும், அடுத்த கப்பலில் ஏறிவிடலாம் என்றுதான் நினைத்திருப்பான் என்று எனக்குத் தோன்றும். இப்போது என்னோடு மறு தண்டைத் தூக்கும் மாஸ்டரின் மகனும் ஆறடி. நான் சித்தப்பா உயரம்.

நேற்றுத் திருவிழாவுக்கும் ஆணியிலிருந்து தொப்பியை எடுத்து உதறினேன். மவுண்ட் ரோடு கடையின் சீட்டு பாதி கிழிந்திருக்கிறது. தொப்பியை இப்போது மடிக்கத் தேவையில்லை. தோளில் வைத்தால், தண்டு அந்தப் பள்ளத்தில் தானாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது.