ஈரச் சாக்குக்கு அடியில்

ஈஜிபுராவில் எங்கள் வீட்டுக்குத் தளம் போட்டபோது, அதற்குத் தண்ணீர் ஊற்ற வந்த அம்மாவின் பெயரை நான் கேட்கவேயில்லை. ஒல்லியான உடம்பு, புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை, சிமென்டில் வெடித்த விரல்கள். தளத்தில் விரித்திருந்த ஈரச் சாக்கைத் தூக்கி, அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்.

மூன்றாம் நாள் டேங்கரில் பாதித் தண்ணீர்தான் வந்தது.

“தளம்தான் கல்லு மாதிரி காஞ்சிடுச்சே, போதும்மா” என்றேன்.

“காயவே கூடாது சார். சிமென்ட்டு தண்ணிய குடிச்சிதான் கெட்டியாவும். ஸ்வல்ப கை வெச்சிப் பாருங்க, சூடு இருக்குது. உள்ள இன்னும் வேலை நடக்குது.”

கால்சியம் சிலிகேட் தண்ணீரோடு சேர்ந்து, வெப்பம் விட்டு இறுகுவதைக் கல்லூரியில் இருபது வருடமாக நடத்துகிறவன் நான். ஆனாலும் வீம்பு விடவில்லை.

“அப்போ நேத்து பூசின காம்பவுண்டு சுவருக்காவது ஊத்தாதீங்க.”

“அது உங்க இஷ்டம். தளத்துக்கு மட்டும் நிறுத்த மாட்டேன். அதுக்குக் கீழ தூங்கப் போறது நீங்கதானே?” என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். பதினாலாம் நாள்வரை விடாமல் ஊற்றினார்.

மூன்று மழைக்காலம் போயிற்று. தளத்தில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. காலையில் பைக்கை எடுக்கும்போது காம்பவுண்டு சுவரில் தோள் உரசினால் மட்டும், பெயின்டோடு சேர்ந்து சாம்பல் நிறப் பொடி சட்டையில் உதிர்கிறது.

அதைத் தட்டிவிட்டுக்கொண்டுதான் பாடம் நடத்தப் போகிறேன்.