கழற்றி எடுத்துப் போய்விடலாம் என்றான் தம்பி

எங்கள் பின்வாசலில் போட்டிருந்த பலகைகளில் ஒன்றில் குடைப் படம் இருந்தது. எந்த நாட்டிலிருந்தோ இயந்திரச் சாமான் வந்த பெட்டியின் பலகை அது. கறுப்பு மையில் ஒரு குடை, பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. நனையாமல் வை, தலைகீழாக வைக்காதே என்று அர்த்தமாம். தம்பிதான் சொன்னான். சொல்லிவிட்டு, என் வீட்டுக்காரரின் சக்கர நாற்காலி நிற்கும் இடத்தில் அந்தக் குடை வருகிற மாதிரி பலகையைத் திருப்பிப் போட்டான். "மாமாவ நனையாம வெச்சிக்கச் சொல்லி எழுதியே அனுப்பிட்டான் பாருக்கா" என்றான். மூன்று பேரும் சிரித்தோம். அப்படிச் சிரிக்க வைத்தவனைத்தான் இப்போது திட்டப் போகிறேன். திட்டாமல் அவனைப் பற்றிப் பேச எனக்கு வராது.

அவன் என் கூடப் பிறந்தவன் இல்லை. நான் சேத்தியாத்தோப்புப் பக்கம், அவன் விருத்தாசலம் பக்கம். என் வீட்டுக்காரரும் அவனும் சுரங்கத்தில் ஒரே ஷிப்ட், நிலக்கரி ஓடுகிற பெல்ட்டைப் பராமரிக்கிற ஒரே கேங். கல்யாணம் ஆகாத பையனாக இருந்தபோது ஒருநாள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். கை கழுவும்போதே அக்கா என்றான். எனக்குக் கூடப் பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. பொங்கல் வரிசை கொண்டுவர ஆளில்லாத வீடு என் வீடு. அடுத்த பொங்கலுக்கு இரண்டு கரும்பையும் மஞ்சள் கொத்தையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு, கையில் ஒரு புடவையோடு வாசலில் வந்து நின்றான். நான் உள்ளே போய் அழுதுவிட்டு வந்துதான் காப்பி போட்டேன். அன்றிலிருந்து எனக்கு அவன் தம்பி, என் வீட்டுக்காரருக்கு மாப்ளை. அவனுக்குப் பெண் பார்க்கப் போனபோது அக்கா என்று முன்னால் உட்கார்ந்தது நான்தான்.

பிறகு என் வீட்டுக்காரர் ஊருக்குப் போய்த் திரும்பும்போது பைக் சறுக்கி விழுந்தார். முதுகெலும்பு போயிற்று. இடுப்புக்குக் கீழே நெருப்பை வைத்தாலும் தெரியாது. அவருக்கு மெடிக்கல் அன்ஃபிட் ஆகி, அவருக்குப் பதிலாக எனக்குச் சுரங்க ஸ்டோரில் ஹெல்பர் வேலை கிடைத்தது. ஆனால் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸ் அவர் கிரேடுக்குக் கொடுத்தது. என் கிரேடுக்குச் சின்ன வீடுதான். என்றைக்காவது மாறச் சொல்வார்கள் என்று தெரியும். யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வருஷங்கள் அப்படியே போயின.

அந்த வீட்டின் பின்பக்கம் பெரிய பலாமரம் ஒன்று. நல்ல நிழல். ஆனால் பின்வாசலில் உயரமான மூன்று படி. அவர் உள்ளேயிருந்து ஜன்னல் கம்பி வழியாக அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். சிமெண்டில் சாய்தளம் கட்டலாம் என்றால் குவார்ட்டர்ஸில் செங்கல் வேலை செய்யக்கூடாது. கட்டினால் ஆள் வந்து இடித்துவிடுவார்கள். அப்போதுதான் தம்பி வாசற்படி உயரத்துக்குப் பலகையில் தளம் போடலாம் என்றான். வீட்டுக்குள் ஓடுகிற நாற்காலி அப்படியே வெளியே ஓடி வந்துவிடும். "கல்லு மேல சும்மா ஒக்காந்துகினு இருக்கும், அவ்ளோதான். நாளைக்கு வூடு மாத்துனாக்கூட கழட்டி எடுத்துகினு போயிடலாங்க்கா" என்றான். நான் நம்பினேன். மரத்தில் போட்டதே அதற்காகத்தான்.

அவன் வேலையில் குறை சொல்ல முடியாது. அதுதான் எரிச்சல். பழைய மரக் கடைகளில் அலைந்து பெட்டிப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து எடுத்தான். கால்களுக்கு ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற பழைய சிலீப்பர் கட்டை. கட்டைக்கும் கல்லுக்கும் நடுவே ரப்பர் துண்டு, ஈரம் ஏறாமலிருக்க. முதல் தடவை பலகைகளை வாசலிலிருந்து மரத்தைப் பார்த்து நீளவாக்கில் போட்டான். பார்க்க அழகாக இருந்தது. நாற்காலியின் முன்சக்கரம் சின்னது. இரண்டு பலகைக்கு நடுவிலிருந்த சந்தில் போய் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர், "ஏன்டா மாப்ள, தண்டவாளம் போட்டுக் குடுத்துட்ட, இஞ்சின் எப்ப வரும்?" என்றார். தம்பி மூஞ்சி சின்னதாகிப் போயிற்று. எல்லாத் திருகாணியையும் கழற்றி, பலகைகளைக் குறுக்குவாக்கில் மாற்றிப் போட்டான். சக்கரம் கடகடவென்று ஓடியது. பலாக்காய் தலையில் விழப்போகிறது என்று நான் பயந்தபோது, "ஏற்கனவே பாதி போச்சு, மீதியும் போவட்டும்" என்று இவர் சிரித்தார். பைக்கிலிருந்து விழுந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு சாயந்தரம் என்றால் அவருக்குப் பலகைதான். நான் வேலை முடிந்து வரும்போது அங்கே உட்கார்ந்து வெங்காயம் உரித்து வைத்திருப்பார். ரேடியோ பாடும். அணில் வந்து காலுக்குக் கீழே ஓடும். தம்பி வந்தால் இரண்டு பேரும் பெல்ட் கதை, கேங் கதை என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். உள்ளே சமைத்துக்கொண்டிருக்கும் எனக்கு அந்தப் பேச்சுச் சத்தம் போதும். இந்த வீட்டில் ஓர் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று இருக்கும்.

மரம் சும்மா கிடந்து உழைக்காது. இங்கே காற்றில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் தூசி வரும். அது பலகைச் சந்துகளில் போய் அடைந்து, ஈரத்தைப் பிடித்துவைத்து, அடியிலிருந்து மரத்தை அரிக்கும். ரம்பத் தகடு ஒன்றை வைத்து நான் வாராவாரம் சந்துகளைச் சுரண்டுவேன். ஐப்பசி மழைக்கு முன்னால் தம்பி வருவான். பலகைகளைக் கழற்றி, வெயிலில் காயப்போட்டு, லாரிப் பட்டறையில் வாங்கிய வேஸ்ட் ஆயிலில் வேப்பெண்ணெயைக் கலந்து இரண்டு பக்கமும் பூசுவோம். வீடே நாறும். உளுத்த பலகையை எடுத்துவிட்டு வேறு பலகை போடுவான். ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. சொந்தத் தம்பிகூட இப்படிச் செய்யமாட்டான் என்று ஸ்டோரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கடைசியாக வந்த மழைக்கு முன்னால் அவன் ஒரு மூட்டை சிமெண்டோடு வந்தான். நாலு கால் ஆட்டம் கொடுக்கிறது, குழி தோண்டி இறுக்கிவிட வேண்டும் என்றான். சிமெண்ட் போட்டால் கழற்ற முடியாதே என்று கேட்டேன். "மாமா வண்டி ஆடிச்சின்னா என்னாக்கா பண்ணுவ?" என்றான். மணல் சுமந்து வந்தது நான். தண்ணீர் ஊற்றி மண்வெட்டியால் கலவை கிளறியது நான். அவன் கால்களைக் குழியில் நிறுத்தி, கலவையை ஊற்றி, வெளியே தெரியாமல் மேலே மண்ணைப் போட்டு மிதித்தான். என் வீட்டுக்காரர் வாசலுக்கு உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் ஒரு கிண்டலும் செய்யவில்லை. உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன்.

அந்தப் பொங்கலுக்கு வரிசை கொண்டுவந்தபோது தம்பி பெண்டாட்டியும் வந்திருந்தாள். காப்பி டம்ளரோடு பலகையில் நின்று பலாமரத்தைப் பார்த்தாள். வெள்ளந்திப் பெண், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாது. "இந்தக் கிளைக்கு நேரா ஊஞ்சல் போட்டா பசங்களுக்கு நல்லா இருக்கும்ல அண்ணி. இவரு ஒரு வருசமா சொல்லிகினே இருக்காரு" என்றாள். தம்பி, "ஏய்" என்றான். அவள் டம்ளரைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் எதற்கு அவள் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் என்று எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அவன் தலை கவிழ்ந்த விதத்தில் புரிந்தது. பெரிய வீடு கேட்கிற அளவுக்கு அவனுக்குச் சீனியாரிட்டி வந்திருந்தது. எங்கள் வீட்டையே கேட்டு எழுதிப் போட்டிருந்தான்.

நேராகக் கேட்டேன். மறைக்கவில்லை, அந்த மட்டும் யோக்கியன். "எப்டியும் மாத்திடப் போறாங்கக்கா. எவனோ ஒருத்தன் வர்றதுக்கு நான் வந்தா என்னா?" என்றான். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் யாரும் கேட்காதவரை ஆபீஸில் அந்த வீட்டைப் பற்றிப் பேச்சே எழவில்லை. ஒருத்தர் கேட்டால் அவர்கள் விதியைப் பார்த்துத்தானே ஆக வேண்டும்? கேட்ட அந்த ஒருத்தர் இவன். எவனோ வருவான் என்றானே, அந்த எவனோ இவன்தான். மறுவாரம் ஆர்டர் வந்தது.

லீவு போட்டுவிட்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். வீட்டை எடுத்துக்கொள்ளட்டும், அது யாருக்கும் சொந்தமில்லை. பலகை என் வீட்டுக்காரருடையது. அவர் வெளிச்சத்தைப் பார்க்க இருக்கிற ஒரே வழி அது. பலகைகள் கழன்று வந்தன. அதைத் தாங்குகிற சட்டங்களும் கழன்றன. கால்கள் அசையவில்லை. குந்தி உட்கார்ந்து மண்ணை நோண்டினேன். நான் கிளறிக் கொடுத்த கலவை கல்லாகக் கிடந்தது. அப்போதுதான் உறைத்தது. கால் ஆடியதால் போட்ட சிமெண்ட் இல்லை அது. நாங்கள் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று போட்ட சிமெண்ட். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று திட்டினேன்.

வாசலிலிருந்து என் வீட்டுக்காரர் பேசினார். "வுடு. நான்தான் அவன இந்த வூட்ட கேட்டுக்கச் சொன்னேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் மரத்தைப் பார்த்துப் பேசினார். "நம்மள இங்கயே வுட்டு வெக்கப் போறதில்ல. வேற எவனாச்சும் வந்தா இத ஒடச்சி அடுப்புல வெச்சிருவான். இவன் வந்தா பராமரிப்பான். தெனம் சாயந்தரம் வண்டி எடுத்துகினு வந்து என்ன இங்க தூக்கிகினு வந்து வுடுறேன்னு சொல்லியிருக்கான்."

எப்போது சொன்னான் என்று கேட்டேன். போன வருஷம் என்றார். அந்த ஒரு வருஷமும் நான் சந்து சுரண்டியிருக்கிறேன், எண்ணெய் பூசியிருக்கிறேன், கலவை கிளறியிருக்கிறேன். இரண்டு ஆம்பளைகளும் பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றதற்கு, "நீ ஒத்துக்க மாட்ட" என்றார். உண்மைதான், ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். அதற்காகவே என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். கழற்றிய பலகைகளையெல்லாம் அன்றே திரும்பப் பூட்டினேன். அவர் கேட்டுக்கொண்டார் என்பதற்காக.

சின்ன வீட்டுக்கு வந்த பிறகு முதல் வாரம் தம்பி மினி ஆட்டோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். அவரைத் தூக்கி ஏற்றினான், நானும் கூடப் போனேன். பலகைக்கு மேலே கிளையில் ஊஞ்சல் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் எப்போதும் உட்கார்கிற இடத்தில் கொண்டுபோய் நாற்காலியை நிறுத்தினேன். "பசங்க ஆடுறப்ப வண்டில இடிச்சிரும் மாமா, கொஞ்சம் ஓரமா தள்ளிக்கங்க" என்றான் தம்பி. இவர் தள்ளிக்கொண்டார். சுவர் ஓரத்தில் உட்கார்ந்து டீ குடித்தார். அதற்கப்புறம் சில தடவை வந்தான். பிறகு ஆட்டோ கிடைக்கவில்லை என்றான். பிறகு போனில் அதையும் சொல்லவில்லை. அடுத்த பொங்கலுக்கு என் வாசலில் கரும்பு வரவில்லை.

இப்போது இந்த வீட்டில் நானே ஒரு பலகைத் தளம் போட்டிருக்கிறேன். பின்னால் இடமில்லை, அதனால் முன்வாசலில், ரோட்டைப் பார்த்து. கல் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, ஒரு பிடி சிமெண்ட் கிடையாது. மட்டம் சரியில்லை, நடந்தால் கிறீச்சென்று சத்தம் போடும். ஆனால் சக்கரம் எங்கேயும் மாட்டவில்லை. மழைக்கு முன்னால் நானே எண்ணெய் பூசினேன். எவனையும் கூப்பிடவில்லை. நாலு பேர் வேடிக்கை பார்க்கிற இடம் என்று அவர் வரமாட்டார் என நினைத்தேன். முதல் நாளே வந்தார். சட்டை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார். வீட்டில் பனியனோடு இருக்கிற மனுஷன்.

தினமும் அப்படித்தான். சாயந்தரம் ஆனால் சட்டை, தலைக்குச் சீப்பு. ரோட்டில் ஆட்டோச் சத்தம் கேட்டால் தலை அந்தப் பக்கம் போகும். நான் போட்ட பலகையில் உட்கார்ந்துகொண்டு அவனுக்காகக் காத்திருக்கிறார். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை, கோபமாகத்தான் இருக்கிறது. நேற்று கொசு வர ஆரம்பித்ததும், அவன் வரமாட்டான், உள்ளே போகலாம் என்றேன். "இரு. மாப்ளைக்கு ஷிப்ட் மாறியிருக்கும்" என்றார்.

இந்த வாரம் அந்த கேங்குக்கு முதல் ஷிப்ட். மத்தியானத்துக்கு மேல் அவன் வீட்டில்தான் இருப்பான். ஸ்டோரில் இருக்கிற எனக்கு அது தெரியும். அத்தனை வருஷம் அதே ஷிப்டில் போய்வந்த மனுஷனுக்கு, வாராவாரம் ஷிப்ட் மாறுகிற கணக்கு எனக்கு முன்னாலேயே தெரியும்.