ஒலிக்காத கீபோர்டும் ரபீக் பாயும்

வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த நண்பர் எங்கள் மெல்லிசைக் குழுவுக்கு ஒரு மிடி கீபோர்டு கொண்டுவந்தார். அது தானாக ஒலிக்காது. கேபிள் வழியே அது அனுப்பும் கட்டளைக்கு எங்கள் பழைய சிந்தசைசர்தான் ஒலி தர வேண்டும். கட்டையில் விரலை இன்னும் அழுத்தினால் சுரம் பொங்கி எழுமாம்! விருத்தாசலத்தில் அப்படியொன்றை யாரும் கேட்டதில்லை. அதை வாசிக்கப்போகும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கல்யாண மண்டபத்தில், கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்பு, சத்தமே வரவில்லை.

"ஒயரைப் பத்தவைக்கத் தெரியலன்னா எதுக்குங்க பாய் ஒத்துக்கிட்டீங்க?" என்று எல்லோர் முன்னிலையிலும் கத்தினேன். செராமிக் பட்டறையில் வேலை செய்யும் ரபீக் பாய், ஒயர் வேலையும் தெரிந்தவர்; எங்களுக்காக விடுப்பெடுத்து அந்தக் கேபிளைச் செய்திருந்தார்.

"இனிமே வேற ஆளப் பாத்துக்கறோம்" என்றார் குழுத் தலைவர்.

பாய் முகம் சுருங்கியது. ஆனாலும் விடவில்லை. "எங்க பட்டறையில பொம்மை வெடிச்சா, மண்ணைத் திட்டறதுக்கு முன்னாடி சூளையப் பாப்போம். நீங்க வச்ச சேனல் நம்பர் ரெண்டுலயும் ஒண்ணா இருக்கான்னு ஒருதரம் பாருங்க சார்."

பார்த்தேன். கீபோர்டு இரண்டாம் சேனலில் அனுப்ப, சிந்தசைசர் ஒன்றாம் சேனலில் காத்திருந்தது. காலையில் மாற்றியவன் நானே. திருத்திவிட்டு விரலை அழுத்தினேன். குழலோசை மண்டபமெங்கும் பொங்கியது! எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்த ஆரவாரத்தில் நான் தப்பித்திருக்கலாம். பாயின் பெயர் கெட்டதாகவே நின்றிருக்கும். மைக்கை எடுத்து, "கேபிள் நல்லாத்தான் இருக்குது. தப்பு என்னோடது" என்றேன்.

"அதுக்கு மைக்கா? பொண்ணு வூட்டுக்காரங்க பயந்துடுவாங்க சார்!" என்று பாய் சிரித்தார். தலைவர் அடுத்த கச்சேரிக்கும் அவரையே அழைத்தார்.

நான் சொல்வதே சரி என்று உறுதியாகத் தோன்றும்போதுதான் இப்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன்.