மணமேல்குடியிலிருந்து ஏழு மணி பஸ்

என் அக்காவின் கணவர் ஒரு சித்திரை மாதத்தில், அறந்தாங்கிச் சந்தைக்குப் போய்வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். மூன்று நாளாகியும் திரும்பவில்லை. நான்காம் நாள் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வந்து, அவரை மணமேல்குடியில் பஸ் நிற்கும் இடத்தில் பார்த்ததாகச் சொன்னார். பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லையாம்.

மணமேல்குடி என்றதும் அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. சிலோனுக்குப் பெர்மிட் கிடைக்காத ஆட்கள்தான் அந்தக் கடற்கரைப் பக்கம் போய்க் கள்ளத்தோணிக்குக் காத்திருப்பார்கள் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். மச்சானின் மனு இரண்டு தடவை திரும்பி வந்திருந்தது. அவருடைய அப்பா சிலோனில் கடையில் இருந்தவர். அந்த நினைப்பில் மச்சான் தானும் போகப்போவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். மூன்று வருஷமாகக் கண்மாய் நிரம்பவில்லை, வயலில் வேலையில்லை. எதிரே வருகிறவர்களெல்லாம் "என்ன, எப்பப் பயணம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

எனக்கு இருபத்திரண்டு வயது. ஆரம்பப் பள்ளி ஆசிரியராகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கோடை விடுமுறை. என்னோடு ஆசிரியர் பயிற்சி படித்த நண்பன் ஒருவன் மணமேல்குடியில் வேலை பார்த்தான். விடுமுறைக்குச் சொந்த ஊர் போகிறவன், தன் ஒற்றை அறையின் சாவியை எனக்குக் கொடுத்தான். இரண்டு வயது மகளை எங்கள் அம்மாவிடம் விட்டுவிட்டு அக்கா என்னோடு கிளம்பினாள்.

அங்கே ஒரு ஸ்டவ், ஒரு பாய், ஒரு பானை. காலையில் ஏழு மணி பஸ்ஸைப் பிடித்துக் கடற்கரை ஊர் ஒவ்வொன்றாகப் போவோம். பொழுது சாயும்போது திரும்புவோம். முதல் நாள் வடக்கே கட்டுமாவடி. மறுநாள் தெற்கே கோட்டைப்பட்டினம். அதற்கடுத்து மீமிசல். அக்கா கல்யாணப் போட்டோவை முந்தானைக்குள் வைத்திருந்தாள். நாங்கள் விசாரித்தவர்களெல்லாம் போட்டோவைப் பார்ப்பதற்கு முன்பே "இல்லங்க, பார்க்கலை" என்றார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் என் வெள்ளைச் சட்டையைப் பார்த்துவிட்டு, "சார் எந்த ஆபீஸு?" என்று கேட்டார். மறுநாள் நான் சட்டையை மாற்றிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் ஜெகதாப்பட்டினத்துக்குத் தெற்கே இறங்கி, உவர்மண்ணில் நடந்துகொண்டிருந்தோம். தாகமாக இருக்கிறதென்று ஒரு தென்னந்தோப்புக் கிணற்றுப் பக்கம் போனோம். ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதற்குள் அக்கா நின்றுவிட்டாள்.

"ஏங்க" என்றாள்.

வாளியும் கயிறும் கிணற்றுக்குள் விழுந்தன.

அவரைக் கண்டுபிடித்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தோப்புக்குள் ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. அதற்குள் அவரோடு ஐந்து பேர். எல்லாரும் காற்று மாறுவதற்குக் காத்திருந்தார்கள். மச்சான் எங்களை மரத்தடிக்குக் கூட்டிப்போனார். தாடி வளர்ந்திருந்தது.

"வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றாள் அக்கா.

"ஊருக்குள்ள வந்து யாரு மொகத்துல முழிக்கச் சொல்றே?"

"எம்மொகத்துல முழிங்க."

அவர் அழுதார். ஆனால் எழுந்து வரவில்லை. "ரெண்டு வருசம். ஒனக்கும் பிள்ளைக்கும்தான் போறேன். மாப்ளே, நீயாவது எடுத்துச் சொல்லுய்யா" என்று என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லும்படி அக்காவும் என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை ஒரு சத்தத்தில் அடக்குகிறவன் நான். குனிந்து காலில் ஒட்டிய உவர்மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று பஸ்ஸில் அக்கா, "நாளைக்கும் வருவோம்" என்று மட்டும் சொன்னாள்.

அதன்பிறகு பத்து நாள் போனோம். அக்கா விடியலில் எழுந்து சோறும் குழம்பும் ஆக்கித் தூக்குவாளியில் எடுத்துக்கொள்வாள். முதல் நாள் அவருக்கு மட்டும் கொண்டுபோனாள். மற்ற ஐந்து பேரும் அவல் தின்பதைப் பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து ஆறு பேருக்கும் ஆக்கினாள். அவர்களும் ஏழு மணி பஸ்ஸுக்குக் காத்திருக்கத் தொடங்கிவிட்டார்கள். கிழிந்த சட்டைகளைத் தைத்துக் கொடுத்தாள். "வாங்க" என்று மறுபடி அவள் கேட்கவில்லை. ஆடு குட்டி போட்டதையும், மகள் 'அப்பா' என்பதை 'அப்பு' என்று சொல்வதையும் பேசிக்கொண்டிருப்பாள். அவரும் சிரிப்பார். தூரத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு, ஏதோ உறவுக்காரர் வீட்டுக்கு வந்தது போலத்தான் தெரியும். சாயங்காலம் அவர் ரோடு வரை கூட வருவார். பஸ் கண்ணில் பட்டதும் பனைமரத்துக்குப் பின்னால் போய்விடுவார்.

அப்படிப் போன எட்டாம் நாள், திரும்பும் பஸ்ஸில் அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "தம்பி, ஸ்டேஷன்ல சொல்லிட்டா பிடிச்சுருவாகளா?"

"பிடிச்சா ஆறு பேரையும்தான் பிடிப்பாக."

"ஜெயில்ல போட்டாலும் இங்கிட்டுத்தானே இருப்பாரு?"

பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவளே, "வேணாம். அந்தப் பிள்ளைகளும் என் கையால தின்னதுக" என்றாள்.

அவளை அறையில் விட்டுவிட்டு, தீப்பெட்டி வாங்கப் போவதாகச் சொல்லி நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். வாசலில் ஒரு கான்ஸ்டபிள் பெஞ்சில் உட்கார்ந்து பெல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்ன வேணும்?" என்றார். அந்த ஐந்து பேரில் ஒருவன், நான் தோப்பை விட்டுக் கிளம்பும்போது, தன் தங்கைக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்லியிருந்தான். நாளைக்கு எழுதலாம் என்று சொல்லியிருந்தேன். அவன் முகம்தான் அப்போது நினைவுக்கு வந்தது.

"அறந்தாங்கிக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்குங்க?" என்று கேட்டேன்.

"அதை இங்க வந்தா கேப்பாங்க?" என்று சிரித்தார். நான் திரும்பிவிட்டேன். தீப்பெட்டி வாங்க மறந்துபோனேன். அக்கா கேட்கவில்லை.

மறுநாள் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அன்றைக்குப் படகு ஏற்பாடு செய்கிற ஆளும் வந்திருந்தார். வெள்ளை வேட்டி கட்டிய, பொறுமையான மனிதர். அக்காவைத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "தாயி, நாளைக்கு வராதீங்க" என்றார்.

அவள் வரத்தான் செய்தாள். வழக்கம்போல ஆறு பேருக்கு ஆக்கி எடுத்துக்கொண்டு வந்தாள். கொட்டகையில் யாரும் இல்லை. அடுப்புக் கல் மூன்றும் கலைத்துப் போடப்பட்டிருந்தன. அக்கா கடற்கரை வரை நடந்தாள். நானும் பின்னால் போனேன். கடல் சும்மா கிடந்தது. எங்கும் ஒரு பாய்மரம்கூடத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தூக்குவாளியைத் திறந்து, மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்களைக் கூப்பிட்டுச் சோற்றைப் பங்கு வைத்தாள். அவர்கள் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும், "விடியக்காலம் போயிருச்சும்மா. காத்து நல்லா இருந்துச்சு" என்றாள்.

நாங்கள் அறையைப் பூட்டிக்கொண்டு ஊர் திரும்பினோம்.

ஐந்து மாதம் கழித்து முதல் கடிதம் வந்தது. ஏதோ மலைப்பக்கத்து ஊரில் கடையில் இருப்பதாக எழுதியிருந்தார். அக்காவுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல நான்தான் பதில் எழுதுவேன். மூன்றாம் வருஷத்தில் அவரிடமிருந்து கடிதம் நின்றது. நாங்கள் போட்ட இரண்டும் திரும்பி வந்தன. அங்கிருந்து வந்த ஒருவர் அவரைக் கண்டியில் பார்த்ததாகச் சொன்னார். இன்னொருவர் அது அவரில்லை என்றார். யாரிடம் போய் விசாரிப்பது? சட்டப்படி அவர் அங்கே போகவே இல்லை.

மகளை என் பள்ளியிலேயே சேர்த்தோம். சேர்க்கைப் பதிவேட்டை நான்தான் நிரப்பினேன். தகப்பனார் தொழில் என்ற இடத்தில் பேனா நின்றது. எதிரே நின்ற அக்காவிடம், "என்னன்னு எழுத?" என்றேன்.

"சிலோன்னு எழுது."

"அது தொழில் இல்லக்கா. ஊரு."

அவள் மகளின் ரிப்பனைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். பின்னால் வேறு பெற்றோர் வரிசையில் நின்றார்கள். நான் 'விவசாயம்' என்று எழுதி, அடுத்த பக்கத்துக்குப் போனேன்.