துண்டு போர்த்திய மானிட்டர்

அந்த மானிட்டர்மேல் எப்போதும் ஒரு பழைய காசித்துண்டு கிடக்கும். ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அடுத்த ஆயுதபூஜை வரைக்கும் அதன் நெற்றியில் காய்ந்து நிற்கும். புதுக்கோட்டையில் நான் வேலை பார்த்த அரசு அலுவலகத்தின் டெலிபோன் ஆபரேட்டர் அக்காவுடைய கம்ப்யூட்டர் அது. அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பார்க்காத திரைக்கு எதற்குக் கரண்டு என்று மானிட்டரை அணைத்தே வைத்திருப்பார். மேசைக்கு அடியில் சி.பி.யு. பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

அதில் இருந்தது யாரும் சீண்டாத பழைய விண்டோஸ். திரையில் வருவதைத் தமிழில் வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று, பார்வையற்றவர்கள் தங்களுக்கென்றே எழுதிக்கொண்ட சின்ன மென்பொருள் இன்னொன்று. சமூக வலைத்தளத்தில் யார் எதைப் போட்டாலும் விளம்பரக் கூத்தெல்லாம் இல்லாமல் வெறும் எழுத்தாக அந்தச் சின்ன மென்பொருள் கொண்டுவந்துவிடும். அம்புக்குறி விசையைத் தட்டினால் அடுத்த செய்தி. ஒரு காதில் ஹெட்போன், மறு காதில் அலுவலக போன். தடவுகிற போன் அக்காவுக்குக் கைவரவே இல்லை.

"இதுல மட்டும் கை வச்சிராதீங்க தம்பி. என் கூடப்பெறந்தவன் இதுலதான் கடலுக்குப் போயிட்டு வாரான்" என்பார். அவருடைய தம்பிக்கு ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகுத் தொழில். இலங்கைக் கடற்படையிடம் படகு ஏதும் பிடிபட்டால் துறைமுகத்துப் பையன்கள் முதலில் அந்த வலைத்தளத்தில்தான் எழுதுவார்கள்.

பழைய கம்ப்யூட்டர்களைக் கணக்கெடுக்க வந்த இன்ஜினியர் துண்டை விலக்கினார். திரை இருட்டாக இருந்தது. செத்த மெஷின் என்று குறித்துக்கொண்டு போய்விட்டார். குனிந்து பெட்டியைத் தொட்டுப் பார்க்கவில்லை. பக்கத்தில் போன் பேசிக்கொண்டிருந்த மனுஷியிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று புதுக் கம்ப்யூட்டர் வந்தது. கூடவே பொன்னாடை, போட்டோகிராபர், அதிகாரியின் செண்ட் வாசனை. "சார், பழசு நல்லாத்தான் ஓடுது" என்று அக்கா திரும்பத் திரும்பச் சொன்னார். "பயப்படாதீங்கம்மா, இது சூப்பரா இருக்கும். கொஞ்சம் இங்கிட்டுத் திரும்பிச் சிரிங்க" என்றார் அதிகாரி. 'இருளில் ஒளியேற்றினோம்' என்று எழுதி அலுவலகப் பக்கத்தில் படத்தைப் போட்டார்கள். அன்று சாயங்காலமே பழைய பெட்டி குப்பை வண்டியில் ஏறியது.

புதியதில் இருந்த குரலுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியவில்லை. அக்காவின் மென்பொருளை ஏற்றலாம் என்று உட்கார்ந்தேன். பாஸ்வேர்டு கேட்டது. பாஸ்வேர்டு சென்னைத் தலைமை அலுவலகத்தில் இருந்தது. கேட்டதற்கு, விதியில் இடமில்லை என்றார்கள். வாங்கிக் கொடுக்க மட்டும் விதியில் இடமிருந்தது போலிருக்கிறது.

அடுத்த மாதமே தம்பி போன படகு எல்லை தாண்டியதாகப் பிடிபட்டது. நான் அன்று குன்றாண்டார்கோவிலுக்கு வேலையாகப் போயிருந்தேன். சாயங்காலம் திரும்பியபோது அக்கா ஹெட்போனைக் கழுத்தில் போட்டபடி உட்கார்ந்திருந்தார். ஊரிலிருந்து யாரோ அலுவலகத்துக்குப் போன் செய்து, தம்பியைப் பற்றித் தகவல் உண்டா என்று கேட்ட பிறகுதான் அவருக்கே விஷயம் தெரிந்திருக்கிறது.

"காலையிலேருந்து எல்லாரு போன்லயும் இருந்துருக்கு தம்பி. என் பக்கம் வந்தா மட்டும் கொரலக் கொறச்சுக்கிட்டாங்க. அந்தப் பெட்டி இருந்தா அதுவே சொல்லியிருக்கும்" என்றார்.

ஏன் சொல்லவில்லை என்று மற்றவர்களிடம் கேட்டேன். "பாவம், அவங்களப் போயி எதுக்குக் கலங்க வைக்கணும்னுதான்" என்றார்கள். அந்தப் பாவம் என்ற சொல்லை நான் இப்போதும் வாயில் எடுப்பதில்லை.

தம்பி பல மாதம் கழித்து வந்து சேர்ந்தார், படகு வரவில்லை. அலுவலகப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பொன்னாடைப் படத்தையாவது எடுத்துவிடச் சொல்லுங்கள் என்று அக்கா கேட்டார். நான் போய்ச் சொன்னேன். "நல்லா ரீச் ஆயிருக்கு, எதுக்கு எடுக்கணும்?" என்றார் அதிகாரி.

இன்றும் அது அங்கேயே இருக்கிறது. நேற்றும் திறந்து பார்த்தேன். பொன்னாடைக்குள் ஹெட்போன் வயர் தெரிகிறது. பின்னால் காசித்துண்டும் குங்குமமுமாகப் பழைய மானிட்டர். மேசைக்கு அடியில், அவர்கள் சாகடித்த பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது.