மீனம்மாவின் முக்கோணக் காணி

உருத்திரபுரத்தில் எங்களுக்கெல்லாம் நாற்சதுரக் காணி. மீனம்மாவுக்கு மட்டும் முக்கோணம். வாய்க்காலுக்கும் வண்டிப்பாதைக்கும் ஜெகதீஸ்வரி அக்காவின் வேலிக்கும் நடுவில், யாருக்கும் வேண்டாமென்று கிடந்த துண்டு அது. எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்த குடும்பத்துக்கு அதுவே பெரிய தயவென்று ஊர் நினைத்தது. காணிக்குப் பெர்மிற் கேட்டு அலைந்து அவள் புருஷன் மாயாண்டியின் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

அந்தத் துண்டில் புருஷன் வெட்ட, பெண்சாதி மண் சுமக்க, ஜெகதீஸ்வரி அக்காவின் வேலியோரமாக ஒரு கிணறு வெட்டினார்கள். நல்ல தண்ணீர். அக்காவின் கிணறு உவர் என்பதால் அவர் வீட்டுச் சோற்றுக்கும் தண்ணீர் இங்கிருந்துதான் போனது.

தொண்ணூற்றாறில் எல்லோரும் இடம்பெயர்ந்தோம். மல்லாவியில் மரத்தின் கீழ் இருந்தபோது மாயாண்டியை மலேரியா கொண்டுபோனது. கண் மூடுமுன் மனைவியிடம் சொன்னது காணியின் அளவுதான். "வாய்க்கா பக்கம் நூத்தியிருவது அடி, அடுத்தது எழுவது, அதுக்கடுத்தது தொண்ணூறு. மறந்துறாத புள்ள."

மூன்று வருடம் கழித்துத் திரும்பினோம். சண்டைக்கு மண்ணணை போட்டவர்கள் வேலிகளை உழுது தள்ளியிருந்தார்கள். வாய்க்கால் கரையில் இரண்டு எல்லைக் கல் மட்டும் மிஞ்சியிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் வருவதும் நின்றுபோயிற்று. அந்தக் கிணறு இல்லாவிட்டால் மீனம்மா நாலு கத்தரிக்கன்றுகூட வைக்க முடியாது.

எல்லை பிரிக்கக் கணபதி மாஸ்ரரைக் கூப்பிட்டோம். ரியூசனில் கணக்குப் படிப்பிக்கிறவர். கல்குலேற்றருக்குப் போட பற்றரி, தடையால் வன்னிக்குள் வராத காலம். அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டிக் கணக்குப் பார்த்தார்.

"மூண்டு பக்கமும் தெரிஞ்சால் மூண்டு கோணமும் தன்ரபாட்டில வரும்," என்றார்.

வந்தது. வாய்க்கால் கரையில் ஒரு மூலைக்கு நாற்பத்தெட்டுப் பாகை, மற்ற மூலைக்கு முப்பத்தைந்து. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

எங்கள் பக்கத்தில் காணி அளக்கிறவன் கோயிலை வலம் வருகிற மாதிரி, காணியை வலதுகைப் பக்கம் வைத்துச் சுற்றி வருவான். மாயாண்டியும் அப்படித்தான் அளந்தான். அவன் சொன்ன எழுபது ஜெகதீஸ்வரி அக்காவின் பக்கம். மாஸ்ரரோ கடதாசியில் இடமிருந்து வலமாகக் கோடு கீறி, எழுபதைப் பாதைப் பக்கம் போட்டுவிட்டார். பெரிய கோணம் பாதை மூலைக்குப் போக, சின்னது அக்காவின் மூலைக்கு வந்தது. கயிறு பிடித்தபோது கிணறு கயிற்றுக்கு வெளியே நின்றது.

"ஐயா, கெணறு அங்கிட்டுப் போயிருச்சுங்களே," என்றாள் மீனம்மா.

"நீ சொன்ன அளவுதானே?"

"ஆமாங்க, ஆனா..."

"பிறகென்ன? பரப்பு ஒரு அடியும் குறையேல்லை. அங்கால விட்டதை இங்கால தந்திருக்கு."

இங்கால தந்தது பாதையோரத்துப் பதுங்குகுழியும் முட்பற்றையும். எனக்குப் பொறுக்கவில்லை.

"மாஸ்ரர், பக்கம் மாறிப்போச்சுது. எழுபது அக்கான்ர பக்கம். எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப அவாவையே கேப்பம்," என்றார்.

எல்லோரும் ஜெகதீஸ்வரி அக்காவைப் பார்த்தோம். அவர் ஒரு சொல் சொன்னால் போதும். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"எனக்கென்ன தெரியும் தம்பி? கணக்கில வந்தபடி விடுங்கோ."

இத்தனை வருடம் அந்தத் தண்ணீரில் சோறு பொங்கித் தின்ற வாய் அது. நான் கத்தினேன். படிச்ச மனுசன் போட்ட கணக்கை நீர் பிழையென்கிறீரோ என்று ஊரார் என்னை அடக்கினார்கள். கையில் பெர்மிற் இல்லாதவள் யாரிடம் போய் முறையிட?

அடுத்த கிழமையே புது வேலி வந்தது. மீனம்மா ரெண்டு நாள் ஊர்க்கோடிக் குளத்துக்கு நடந்து பார்த்தாள். பிறகு குடத்தோடு அக்காவின் படலையடியில் போய் நின்றாள்.

"வாவன் மீனம்மா. தண்ணிக்கு நான் இல்லையெண்டு சொல்லுவனே?"

மீனம்மா கிணற்றடிக்குப் போய் வாளியை எடுக்கக் கை நீட்டினாள்.

"வாளியைத் தொடாத. குடத்தை அதில வைச்சிட்டுத் தள்ளி நில். நான் ஊத்திவிடுறன்."

மீனம்மா குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.