பின்னால் வருகிறாள் என்று நினைத்தேன்

வயதானவர்களைப் பற்றிய படம் என்றாலே எனக்கு ஆகாது. நமக்கே வயதாகிக்கொண்டிருக்கிறது, இதில் திரையில் வேறு பார்க்க வேண்டுமா என்று தோன்றும். சேலத்தில் இருக்கும் மகள்தான் விடவில்லை. கள்ளக்குறிச்சி தியேட்டரில் மதியக் காட்சிக்கு அவளே போனில் டிக்கெட் போட்டுவிட்டு, "அம்மாவ கூட்டிக்கினு போயே ஆவணும்பா" என்றாள். சின்னசேலத்திலிருந்து பஸ் ஏறி நானும் என் மனைவியும் போனோம்.

படத்தில் ஒரு கிழவர். மனைவி செத்துப் போய்விட்டாள், அது அவருக்கு மறந்து மறந்து போகிறது. தினமும் காலையில் காலிக் கட்டிலைப் பார்த்து, "முட்டி வலி தேவலையா?" என்று கேட்கிறார். அவள் உயிரோடு இருந்தவரை ஒருநாளும் கேட்டதில்லை. நடுவில் சட்டென்று நினைவு திரும்பி, அவள் இல்லை என்று தெரிந்ததும் அந்த மனுஷன் நிற்கிற நிற்பு இருக்கிறதே, என்னால் தாங்க முடியவில்லை. அழுதுவிட்டேன். நானும் என் மனைவியிடம் அப்படி எதுவும் கேட்டதில்லை. இனிமேலாவது இவளை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இருட்டிலேயே முடிவு கட்டினேன்.

விளக்குப் போட்டதும் வெட்கமாகிவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே வந்தேன். நான் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன், காடு மேடெல்லாம் நடந்த கால். எங்கே போனாலும் நான் முன்னால் போவேன், அவள் பின்னால் வருவாள். எங்கள் பக்கத்தில் எல்லா ஆம்பளைகளும் அப்படித்தான். பஸ் ஸ்டாண்டில் வண்டி புறப்படத் தயாராக இருந்தது. நான் பின்படியில் ஏறினேன். அவள் பெண்களோடு முன்படியில் ஏறியிருப்பாள், வழக்கம் அதுதானே.

ஊரைத் தாண்டிய பிறகு கண்டக்டர் வந்தார். "சின்னசேலம் ஒண்ணு. லேடீஸ் ஒருத்தங்க முன்னாடி இருக்காங்க" என்றேன்.

"முன்னாடி எல்லாருக்கும் போட்டாச்சுங்க பெரியவரே. சின்னசேலம்னு ஒருத்தரும் கேக்கலியே."

எழுந்து பார்த்தேன். அவள் இல்லை. போனையும் அவள் வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு வந்திருந்தாள். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, எதிரே வந்த ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு திரும்பினேன். மயங்கி விழுந்திருப்பாளோ, என்னைத் தேடி ரோட்டில் அலைகிறாளோ என்று கண்டதையும் நினைத்தேன். அந்தக் கிழவர் கேட்காமல் விட்டதைப் பார்த்து அழுத நான், என் மனைவியையே விட்டுவிட்டு பஸ் ஏறியிருக்கிறேன்.

தியேட்டர் வாட்ச்மேனிடம், "கூட வந்த வூட்டுக்காரியக் காணோம்பா" என்றேன்.

"இன்னா கலர் பொடவ சார்?"

கல்வராயன் மலையில் எந்தக் காட்டுக்கு எந்த மூலையில் எல்லைக்கல் நட்டேன் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மூன்று மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் புடவை நிறம் தெரியவில்லை. படத்துக் கிழவருக்காவது மறதி. நான் பார்க்கவே இல்லை.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "ஒரு அம்மா உள்ள உக்காந்துகினு இருக்காங்க, பாருங்க" என்றார்.

கேன்டீன் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தாள். நாவல்பழக் கலர் புடவை. உயிர் திரும்பி வந்தது, கூடவே கோபமும் வந்தது.

"அறிவிருக்கா உனக்கு? எங்க போன?"

"நான் எங்க போனேன்? நீங்கதான் போனீங்க. கால் மரத்துப்போச்சு, எழுந்திரிக்க முடியல. இன்னாங்க, இன்னாங்கன்னு மூணு வாட்டி கூப்ட்டேன். நாலு ஆம்பளைங்க திரும்பிப் பாத்தாங்க. நீங்க பாக்கல."

நான் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். "பயந்துட்டேன்" என்றேன். அவளிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் மீதி டீயை என் பக்கம் நகர்த்தினாள்.

திரும்பிப் போகும்போது பக்கத்திலேயே நடந்தேன். அவள் வேகத்துக்கு நடப்பது லேசில்லை, இரண்டு முறை முன்னால் போய் நின்றேன். அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வந்தாள். மளிகைக் கடைக்காரன் மகள் கல்யாணம், படத்தில் வந்த மருமகளின் திமிர், புளியங்காய் இந்த வருஷம் கம்மி என்று ஒன்று விடாமல்.

"நீ எப்பலேர்ந்து இவ்ளோ பேசற?"

"எப்பவும்தான். பின்னாடி பேசிக்கினுதான் வருவேன். உங்க முதுகு கேட்டுக்கும்." சிரித்தாள். "திட்டறதுன்னாலும் அங்கயே திட்டி முடிச்சுடுவேன்."

பிறகு கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள். "நம்ம பொண்ணு வயித்துல வந்தது கூட அப்படித்தான். நீங்க மலையில வேலயா இருந்தப்ப, வெள்ளிமலை ரோட்டுல பின்னாடி நடந்துகினே சொன்னேன். நீங்க போய்க்கினே இருந்தீங்க. அப்புறம் திருப்பிச் சொல்ல வாய் வரல."

அந்தச் சேதி அப்போது பத்து நாள் கழித்து என் மாமியார் வாயால்தான் எனக்குத் தெரிந்தது. புருஷனிடம் சொல்லாமல் முதலில் அம்மாவிடம் போய்ச் சொன்னவள் என்று எத்தனையோ வருஷம் அவளைக் குத்திக் காட்டியிருக்கிறேன். ஒருநாளும் அவள் எதிர்த்துப் பேசியதில்லை.

பஸ் ஸ்டாண்டு வாசலில், பூக்கடைக்கு எதிரே நின்றுவிட்டேன். "இப்ப சொல்லு" என்றேன்.

"இன்னாத்த?"

"அன்னிக்கு சொன்னத."

"பைத்தியமா உங்களுக்கு? நாலு பேர் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

சுற்றுமுற்றும் பார்த்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அறுபது வயதுக்காரிக்கு முகம் சிவந்துபோயிற்று. "இன்னாங்க," என்றாள், "எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு."

"அப்படியா?" என்றேன். "அப்ப மெதுவா வா. கையக் குடு."